காயிலை எடுத்துவிடலாமா, டாக்டர் அம்மா?

கேள்வி: எனக்கு வயது 38. குற்றாலம் பக்கம் மேலகரத்தில் பீடி சுற்றுகிறேன். மாதாமாதம் எட்டு நாள் கட்டி கட்டியாகப் பட்டு, ரத்தம் குறைந்து மயங்கி விழுந்தேன். அதன்பிறகு டாக்டர் ஹார்மோன் காயில் வைத்துவிட்டார். நாலு மாதம் ஆகிறது. பெரும்போக்கு நின்றுவிட்டது, ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் காப்பிக் கலரில் லேசாகப் படுகிறது. “கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிப்போகும், எடுத்துப்போடு” என்கிறார்கள் அத்தை. சாரல் வேறு தொடங்கிவிட்டது. அருவியில் நின்றால் காயில் நழுவிவிடுமா?
– வாசகி, மேலகரம்

பதில்: அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள், அம்மா. அத்தை பாசத்தில் சொல்கிறார்கள். ஆனால் மாதவிலக்கில் வருவது எங்கோ சேர்ந்து கிடந்த கெட்ட ரத்தம் அல்ல. கருப்பையின் உட்சுவரில் மாதந்தோறும் மெத்தைபோல ஒரு படலம் வளரும். கரு தங்காதபோது ரத்தத்தோடு கழன்றுவிடும். உங்கள் காயிலில் 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் இருக்கும். தொடக்கத்தில் தினமும் சுமார் 20 மைக்ரோகிராம் கசிந்து, அந்த மெத்தையை வளரவிடாமல் மெலியவைக்கிறது. மெத்தையே வளராதபோது உள்ளே தங்குவதற்கு என்ன இருக்கிறது?

ஒரே நாளில் அது மெலிந்துவிடாது. அங்கங்கே கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். நீங்கள் பார்க்கும் காப்பிக் கலர் அதுதான். மூன்று முதல் ஆறு மாதம் வரை இப்படி இருக்கலாம். ஒரு வருடம் ஆகும்போது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மாதவிலக்கே வராது. அதனால் கெடுதலும் இல்லை. எடுத்துவிட்டால் திரும்ப வரும்.

‘டி வைத்தால் ரத்தம் கொட்டும்’ என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அவர்கள் சொல்வது காப்பர் டி. அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக வைப்பது. அதில் ஹார்மோன் கிடையாது, போக்கைக் கூட்டவும் செய்யும். 1965-இல் நம் நாட்டில் இதேபோல் கருப்பைக்குள் வைக்கும் லூப் வந்தபோது, ரத்தம் கூடுதலாகப் படும் என்று பல பெண்களிடம் முன்கூட்டியே சொல்லவில்லை. பயந்துபோய் எடுத்துவிட்டவர்கள் ஏராளம். உங்களிடமும் இந்த நாலு மாதக் கதையை யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

தினசரி காலண்டரில் படும் நாளையெல்லாம் வட்டமிட்டு வாருங்கள். ஆறு மாதம் தாண்டியும் குறையாவிட்டாலோ, பழையபடி கட்டியாகப் போனாலோ ஸ்கேன் எடுத்து, காயில் இடத்தில் இருக்கிறதா, கருப்பையில் கட்டி உண்டா என்று பார்க்க வேண்டும். போக்கு அதிகமுள்ளவர்களுக்குக் காயில் தானாக வெளியே வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். காய்ச்சல், தாங்கமுடியாத அடிவயிற்று வலி, நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், காயிலின் நூல் தட்டுப்படாமல் போவது, இவற்றில் எது வந்தாலும் தாமதிக்காமல் போய்க் காட்டுங்கள். உண்டாகியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் சந்தேகத்தோடு இருக்கக் கூடாது.

அருவிக்குத் தாராளமாகப் போகலாம். காயில் கருப்பைக்குள் இருக்கிறது. மேலே விழும் தண்ணீர் அங்கே எட்டாது. என் கவலை உங்கள் ஹீமோகுளோபின். 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையை டீ குடித்த கையோடு போடாமல் எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். தலைசுற்றல் அடங்கும்வரை அருவியின் வேகத்துக்கு நேர்கீழே நிற்காமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓரமாகக் குளியுங்கள். கூட அத்தையையும் அழைத்துப் போங்கள்.