கட்டும்போதே அவிழ்ப்பதை நினை

மதுரை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மருமகன் கதிருக்கு,

மணாலியிலிருந்து லே வரைக்கும் டென்டோடு போகப் போகிறாய் என்று அக்கா நேற்று சொன்னாள். சோற்றைப் பிசைந்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மலைகளைப் பார்த்தவன் அப்படிச் சொல்லவும் முடியாது. ஆனால் நீ அனுப்பிய போட்டோவில் உன் வண்டியின் பின்னால் நிற்கும் மூட்டையைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

டூல்ஸும் அடுப்பும் உச்சியில் இருக்கின்றன, மெத்தென்ற ஸ்லீப்பிங் பேக் அடியில் இருக்கிறது. மொத்தமும் பின்சக்கரத்தைத் தாண்டிக் கேரியர் நுனியில் தொங்குகிறது. இப்படி ஏற்றினால் மேட்டில் முன்சக்கரம் லேசாகிவிடும், சரளைக்கல்லில் ஹேண்டில் பிடிக்கு அடங்காது. கனமானதை எல்லாம் இரண்டு பக்கப் பைகளின் அடியில், சீட்டை ஒட்டி முன்னுக்குத் தள்ளி வை. இடமும் வலமும் ஒரே எடை இருக்கட்டும். கொக்கித் தராசில் மாட்டி நிறுத்துவிடு, கையால் தூக்கி மதிப்பிடாதே. டென்டும் ஸ்லீப்பிங் பேக்கும் மேலே குறுக்காகப் படுத்தால் போதும். பின் டயர் காற்றும் ஷாக்கும் சுமைக்கு எவ்வளவு என்று வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும், பார்.

போகிற வழியில் வரும் தண்டி பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று எழுதிய பலகையை நான் பார்த்திருக்கிறேன். உன் ஹிமாலயன் 411-க்கு டேங்க் 15 லிட்டர். சுமையோடு மேடேறும்போது மைலேஜ் இறங்கும். ஐந்து லிட்டர் கேன் ஒன்றை டேங்க்குக்குப் பக்கத்தில் இருக்கும் கம்பிச் சட்டத்தில் கட்டு. சைலன்சருக்கும் அடுப்புக்கும் கிட்டே அது போகவே கூடாது. கீழே மூடிய கேன் மேலே போகப் போக உப்பும், அதனால் மூடியைச் சிறிது சிறிதாகத் திருகித் திற.

இனி சொல்வதை நிதானமாகப் படி. முன்பு அதே சாலையில் போனபோது, பாராலாச்சா கணவாய் தாண்டிச் சர்ச்சு நோக்கி இறங்கிக்கொண்டிருந்தேன். மூட்டை கட்டிய பட்டையில் மிச்சமிருந்த இரண்டு சாண் நீளத்தை நான் செருகாமல் விட்டிருந்தேன். காற்றில் படபடத்துக்கொண்டிருந்த அது சட்டென்று செயினுக்குள் போய்ப் பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. பின்சக்கரம் பூட்டிப்போய் வண்டி கோணலாக இழுத்துக்கொண்டு போய் நின்றது. வேகம் குறைவாக இருந்ததால்தான் இன்று உனக்கு எழுதுகிறேன். காய் நறுக்கும் கத்தியால் அந்த நைலானை இழை இழையாக அறுத்து எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. சர்ச்சு வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. டார்ச் பையின் அடியில் கிடந்தது. அதை எடுக்கத் துணி, பாத்திரம் எல்லாவற்றையும் வெளியே கொட்டினேன், காற்று ஒரு சட்டையை எங்கோ கொண்டுபோயிற்று. விரல்கள் என்னுடையவை மாதிரியே இல்லை.

கட்டும் ஒவ்வொரு முடிச்சையும் குளிரில், இருட்டில், மரத்த விரலால் அவிழ்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக் கட்டு. ஹெட்லாம்ப் ஜாக்கெட் பையிலேயே இருக்கட்டும். டென்டும் அதன் முளைகளும் எல்லாவற்றுக்கும் மேலே, மற்றதைத் தொடாமல் எடுக்கிற மாதிரி இருக்கட்டும். ஸ்லீப்பிங் பேக்கைத் தண்ணீர் புகாத பைக்குள் போட்டு வாயைச் சுருட்டிக் கட்டு. அது நனைந்தால் அன்றைய இரவு போய்விடும். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிற்றை மட்டும் நம்பாதே. குலுக்கலில் கொக்கி நழுவும், கண்ணில் தெறிக்கவும் செய்யும். பக்கிள் வைத்த பட்டை வாங்கி, மிச்ச நுனியைச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டு அடக்கு. பழைய ட்யூபை வளையம் வளையமாக வெட்டினால் அதற்கு அருமையாக இருக்கும்.

காலையில் சீக்கிரம் கிளம்புவதும் இந்த மூட்டையில்தான் இருக்கிறது. பனி உருகி வரும் ஓடைகளில் விடியலில் தண்ணீர் குறைவு, வெயில் ஏறிவிட்டால் அதே ஓடை வண்டியை இழுக்கும். இருபது நிமிஷத்தில் கட்டி முடிப்பவன் சுலபமாகத் தாண்டிவிடுவான். ஈர டென்டைப் பைக்குள் திணிக்காதே, வெளியே தனியாகக் கட்டு, போகிற வழியில் காய்ந்துவிடும்.

சமையலுக்கு அரிசி வேண்டாம். சர்ச்சு 4,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் அரிசி வேகிறதற்குள் கேஸ் தீர்ந்துவிடும். அவல் கொண்டுபோ. பியூட்டேன் மட்டும் இருக்கும் குப்பி கடுங்குளிரில் எரியாது, புரொப்பேன் கலந்ததாகக் கேட்டு வாங்கு. முதல் இரண்டு இரவும் சர்ச்சுவுக்கு முன்னால் வரும் ஜிஸ்பாவிலேயே தங்கு. உடம்பு உயரத்துக்குப் பழகாமல் சர்ச்சுவில் படுக்காதே. அங்கே தலைவலியோடு வாந்தியும் வந்தால், எத்தனை மணியாக இருந்தாலும் கீழே இறங்கு.

வருகிற ஞாயிறு விடிகாலையில் முழுச் சுமையோடு வண்டியை எடுத்துக்கொண்டு வா. மொட்டைமாடியில் டென்டை அடித்து, பிரித்து, மறுபடி வண்டியில் கட்ட வேண்டும், மூன்று முறை, கையுறை போட்டுக்கொண்டு. அப்புறம் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் மலையேறுவோம்; எந்தப் பை ஆடுகிறது என்று நான் பின்னால் வந்து பார்க்கிறேன். அத்தை காலை எட்டு மணிக்கே இட்லி கட்டித் தருவாள். அக்காவையும் அழைத்து வா. நீ கட்டுவதை அவள் ஒருமுறை கண்ணால் பார்க்கட்டும்.

அன்புடன்,
மாமா