புத்தகத் தெருவில் எழுத்தாளர்கள்

ஒரு புத்தகத்தைக் கையில் எடுக்கிறோம். அட்டையில் ஒரு பெயர் இருக்கிறது. அது எழுதியவரின் பெயர். அவர் யார்? எங்கே இருக்கிறார்? அவரிடம் நாம் பேச முடியுமா?

பேச முடியும். அப்படிப் பேசுவதற்கு ஒரு தெருவே இருக்கிறது. அது கொல்கத்தா நகரில் இருக்கிறது. முன்பு கல்கத்தா என்று சொன்னோமே, அதே ஊர்தான்.

தெருவின் பெயர் காலேஜ் தெரு. பெயருக்கு ஏற்றபடி அங்கே பழைய கல்லூரிகள் இருக்கின்றன. 1857-இல் தொடங்கிய கல்கத்தா பல்கலைக்கழகமும் அங்கேதான் இருக்கிறது. மாணவர்கள் வந்தார்கள். அவர்களை நம்பிப் புத்தகக் கடைகள் வந்தன. இன்று நூற்றுக்கணக்கான கடைகள் இருக்கின்றன. பல கடைகள் நம் ஊர்ப் பெட்டிக்கடை அளவுதான் இருக்கும். நடைபாதை ஓரத்தில் பலகையும் தகரமும் வைத்து அடித்த கடைகள் அவை. உள்ளே கூரை வரை புத்தகம் அடுக்கியிருக்கும். நடுவில் கடைக்காரர் உட்கார்ந்திருப்பார். நாம் வெளியே நின்று கேட்க வேண்டும். எந்த அடுக்கில் எந்தப் புத்தகம் இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்!

வங்காளிகள் இந்த இடத்தைப் 'பொயி பாடா' என்கிறார்கள். 'பொயி' என்றால் புத்தகம். 'பாடா' என்றால் பேட்டை. நம் காதில் 'பொய்' என்று விழுந்தாலும் பொருள் அதுவல்ல.

சித்திரை மாதப் பிறப்பை ஒட்டி வங்காளத்திலும் புத்தாண்டு வருகிறது. அன்று வியாபாரிகள் புதுக் கணக்கு எழுதுவார்கள். கடைக்கு வருகிறவர்களுக்கு இனிப்புக் கொடுப்பார்கள். துணிக்கடையிலும் நகைக்கடையிலும் இது நடக்கும். காலேஜ் தெருவில் புத்தகம் வெளியிடுகிறவர்களும் இப்படியே செய்கிறார்கள். ஆனால் அவர்கள் எழுத்தாளர்களையும் கடைக்கு அழைக்கிறார்கள்.

பெரிய எழுத்தாளர், புதிய எழுத்தாளர் எல்லாரும் வருவார்கள். இளநீரும் இனிப்பும் கொடுப்பார்கள். ஒரு கடையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அடுத்த கடைக்குப் போவார்கள். வாசகர்களுக்கும் இது தெரியும். புத்தகத்தோடு வந்து கையெழுத்துக் கேட்பார்கள். கதையில் வருகிற ஒருவரை ஏன் சாகடித்தீர்கள் என்றும் கேட்கலாம். எழுதியவர் எதிரில் இருக்கும்போது இப்படிக் கேட்காமல் விடலாமா?

இதனால் எழுத்தாளருக்கு என்ன பயன்? அவர் தனியாக உட்கார்ந்து எழுதுகிறார். புத்தகம் அச்சாகிப் போய்விடுகிறது. யார் வாங்கினார்கள், படித்தவர் அழுதாரா, சிரித்தாரா, ஒன்றும் தெரியாது. நூறு ரூபாய்ப் புத்தகம் விற்றால் அவருக்குப் பெரும்பாலும் பத்து ரூபாய் அளவுதான் வரும். பலருக்கு அதுவும் ஒழுங்காக வருவதில்லை. படித்தவர் ஒருவர் நேரில் வந்து பேசினால்தான், தான் எழுதியது போய்ச் சேர்ந்தது என்று அவருக்குத் தெரிகிறது.

இன்று கைப்பேசியிலேயே புத்தகம் வாங்கலாம். விலையும் குறைவாக இருக்கும். சின்னக் கடைக்காரருக்கு இது பெரிய அடிதான். ஆனால் போன மாதம் நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்பது அவருக்கு நினைவு இருக்கும். அதே எழுத்தாளரின் அடுத்த புத்தகத்தை எடுத்து நீட்டுவார்.

காலேஜ் தெரு முனையில் பாதிராம் என்று ஒரு கடை உண்டு. சிறு பத்திரிகைகளுக்குப் பேர்போன கடை. நாலு பேர் சேர்ந்து கைக்காசு போட்டு நடத்தும் பத்திரிகைதான் சிறு பத்திரிகை. வங்காளத்தில் எத்தனையோ பேர் இப்படித்தான் முதலில் எழுத வந்தார்கள். ரிக்‌ஷா இழுத்த ஒருவரும் அப்படி வந்தவர்தான்.

அவர் பெயர் மனோரஞ்சன் வியாபாரி. கிழக்கு வங்காளத்தில் பிறந்தவர். நாடு பிரிந்த பிறகு அவருடைய குடும்பம் அகதியாக இந்தியாவுக்கு வந்தது. வீட்டில் பட்டினி. பள்ளிக்கூடமே போகவில்லை. சின்ன வயதிலேயே ஆடு மேய்த்தார். டீக்கடையில் வேலை செய்தார். இளைஞராக இருந்தபோது சிறைக்குப் போனார். அங்கேதான் எழுத்துக் கற்றார். சிலேட்டு இல்லை, பலகை இல்லை. மண்தரையில் குச்சியால் எழுதிப் பழகினார். அப்போது அவருக்கு இருபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது.

வெளியே வந்து கொல்கத்தாவில் ரிக்‌ஷா ஓட்டினார். சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் படித்தார். கிடைத்த புத்தகத்தை எல்லாம் படித்தார். ஒரு நாள் ஒரு சொல்லில் முட்டிக்கொண்டார். 'ஜிஜீவிஷா' என்பது அந்தச் சொல். பொருள் தெரியவில்லை. யாரைக் கேட்பது?

ஒரு அம்மாள் ரிக்‌ஷாவில் ஏறினார். பார்த்தால் கல்லூரி ஆசிரியை போல இருந்தார். அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். வாழ வேண்டும் என்ற ஆசை, அதுதான் பொருள் என்று அந்த அம்மாள் சொன்னார். ரிக்‌ஷாக்காரருக்கு இந்தச் சொல் எப்படிக் கிடைத்தது என்று அவருக்கு வியப்பு. பேச்சு வளர்ந்தது. தான் ஒரு பத்திரிகை நடத்துவதாகச் சொன்னார். உழைக்கிறவர்களே அதில் எழுதுகிறார்கள், நீங்களும் உங்கள் வாழ்க்கையை எழுதுங்கள் என்றார். பெயரும் முகவரியும் எழுதிக் கொடுத்தார்.

பெயரைப் பார்த்ததும் மனோரஞ்சன் திகைத்துப் போனார். அவர் எழுத்தாளர் மகாசுவேதா தேவி! அவர் எழுதிய புத்தகம் ஒன்று அப்போது ரிக்‌ஷா இருக்கைக்கு அடியிலேயே இருந்தது.

மனோரஞ்சன் எழுதினார். 1981-இல் அது 'பர்த்திகா' என்ற அந்தப் பத்திரிகையில் வந்தது. ரிக்‌ஷா ஓட்டும் வாழ்க்கையைப் பற்றித்தான் எழுதியிருந்தார். பிறகும் வயிற்றுப்பாடு தீரவில்லை. பல வருடம் ஒரு விடுதிப் பள்ளியில் சமையல் வேலை பார்த்தார். நூற்றுக்கணக்கான பேருக்குச் சமைத்துவிட்டு, மிச்ச நேரத்தில் எழுதினார். தன் வாழ்க்கைக் கதையையே பெரிய புத்தகமாக எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2018-ஆம் ஆண்டுக்கான இந்து நாளிதழின் இலக்கியப் பரிசு கிடைத்தது. 2021-இல் மக்கள் அவரைச் சட்டமன்றத்துக்கும் அனுப்பினார்கள்.

2020 மே மாதம் கொல்கத்தாவில் ஆம்பன் புயல் அடித்தது. கொரோனாவால் கடைகள் ஏற்கெனவே இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தன. காலேஜ் தெருவில் வெள்ளம் புகுந்தது. புத்தகங்கள் தெருவில் மிதந்தன. பல கடைக்காரர்களுக்கு முதலே போய்விட்டது. அப்போது எழுத்தாளர்களும் வாசகர்களும் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். கடைக்காரர்கள் நனைந்த புத்தகங்களைப் பிரித்து வெயிலில் பரப்பினார்கள். காய்ந்து தேறியவற்றை மறுபடி அடுக்கினார்கள். கடைகள் திறந்தன. மனோரஞ்சன் எழுதிய புத்தகங்களும் அந்தத் தெருவில் விற்கின்றன.