நமது முதலீடுகளுக்கு ஒரு பேரேடு
இணைய வழியில் கணக்கை ஒத்துப் பார்க்கும் முறை

சங்கத்தில் சேரும் ஒவ்வோர் அங்கத்தினரும் முதலில் கற்கும் பாடம் ஒன்று உண்டு. பணம் கட்டினால் மட்டும் போதாது. கட்டிய பணம் சங்கத்தின் பேரேட்டில் தம் பெயருக்கு வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாஸ் புத்தகத்தைக் கொண்டு ஒத்துப் பார்க்கவும் வேண்டும் என்பதே அப்பாடம். தணிக்கையாளர் அங்கத்தினர்களின் பாஸ் புத்தகங்களைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும் இதற்காகவே. இரண்டு கைகளில் இரண்டு கணக்குகள் இருந்து, இரண்டும் ஒத்திருந்தால்தான் கணக்கு சரியென்று நாம் நம்பலாம். இந்தப் பழைய பாடத்தைச் சங்கத்திற்கு வெளியே நாம் செய்திருக்கும் முதலீடுகளுக்கும் கைக்கொள்வது எப்படி என்பதை இங்கு ஆராய்வோம்.

சிதறிக் கிடக்கும் சேமிப்பு

அன்னூர் வட்டாரத்தில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் சேமிப்பு எங்கெங்கு இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்போம். வாழை அல்லது மஞ்சள் விற்ற பணத்தில் ஒரு பகுதி வங்கியில் நிரந்தர வைப்பாக இருக்கும். நெசவாளர் குடும்பமாயின், கூலியிலிருந்து பிடிக்கப்பட்டு அரசின் பங்கும் சேரும் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத் தொகை இருக்கும். அஞ்சலகத்தில் ஒரு கணக்கு, ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் ஒன்றிரண்டு, சங்கத்தில் பங்குத் தொகை ஆகியவையும் இருக்கும். இப்போது இவற்றுடன் பரஸ்பர நிதியும் கம்பெனிப் பங்குகளும் சேர்ந்துவிட்டன. கோவையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் மகன் கைப்பேசி வழியாகப் பெற்றோர் பெயரில் மாதாந்தரத் தவணை தொடங்கி வைப்பதும் இன்று சாதாரணமாகிவிட்டது.

இவற்றையெல்லாம் சேர்த்தறிந்தவர் பெரும்பாலும் வீட்டில் ஒருவரே. அவருக்கு ஒன்று நேர்ந்துவிட்டால் மற்றவர்கள் பழைய டிரங்குப் பெட்டியைத் துழாவ வேண்டியதாகிறது. வங்கியில் பத்தாண்டுகள் தொடாமலும் கேட்பாரற்றும் கிடக்கும் வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் விழிப்புணர்வு நிதிக்குச் சென்றுவிடும். தொடர்ந்து ஏழாண்டுகள் ஈவுத்தொகை பெறப்படாத பங்குகள் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்படும். இதனால் உரிமை அழிவதில்லை. உரியவர் பின்னர் கேட்டுப் பெறலாம். ஆனால் அப்படியொரு தொகை இருக்கிறது என்பது தெரிந்தால்தானே கேட்க முடியும்?

விற்பவர் கணக்கும் காப்பவர் கணக்கும்

நமது கொங்கு நாட்டு மக்கள் பட்ட அனுபவங்கள் இரண்டை இவ்விடத்தில் நினைவு கூர்தல் தகும். திருப்பூரில் ‘பாசி’ என்னும் நிறுவனம் அந்நியச் செலாவணி வியாபாரத்தில் பெரும் லாபம் தருவதாகக் கூறிப் பல்லாயிரம் பேரிடம் பணம் திரட்டியது. அது 2009-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. 2022 ஆகஸ்டில் கோவை நீதிமன்றம் அதன் நிர்வாகிகளுக்கு 27 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 2012-ஆம் ஆண்டில் பெருந்துறையை மையமாகக் கொண்ட ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தன. கொட்டகை போட்டுப் பறவை வளர்த்தால் மாதந்தோறும் பராமரிப்புத் தொகையும் ஆண்டுதோறும் போனஸும் உண்டு என்று வாக்களிக்கப்பட்டிருந்தது. முடிவில் தீனியின்றி வாடிய பறவைகளுக்குக் கால்நடைத் துறை இரை போட நேர்ந்தது.

இவ்விரண்டிலும் நாம் கவனிக்க வேண்டிய பொது அம்சம் ஒன்றுண்டு. பணம் கொடுத்தவர்களிடம் ரசீதும் ஒப்பந்தமும் இருந்தன. தொடக்க மாதங்களில் பணமும் வந்தது. ஆனால் பணத்தை வாங்கியவர் எழுதிய கணக்கைத் தவிர வேறு கணக்கே கிடையாது. அவரைச் சாராத மூன்றாமவர் ஒருவரது பேரேட்டில் அந்த முதலீடு பதிவாகவில்லை. இன்று அதே ஏமாற்று கைப்பேசிச் செயலி வடிவில் வருகிறது. போலிச் செயலியில் நம் பெயரில் பங்குகளும் நாளுக்கு நாள் ஏறும் லாபமும் தோன்றும். திரையில் காணும் எண் பணமன்று. அந்த எண்ணுக்குப் பின்னால் காப்பவர் ஒருவரின் பேரேடு உண்டா என்று கேட்பதே நம் முதல் வேலை.

ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை

பங்குகளைப் பொறுத்தவரை அப்படிப்பட்ட காப்பவர்கள் நம் நாட்டில் உண்டு. 1996-ஆம் ஆண்டின் டெபாசிட்டரிகள் சட்டத்தின்படி என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். என்னும் இரு காப்பகங்கள் இயங்குகின்றன. நாம் எந்தத் தரகர் மூலம் பங்கு வாங்கினாலும் அது இவ்விரண்டில் ஒன்றில் நம் பெயருக்குப் பதிவாக வேண்டும். பரஸ்பர நிதிக் கணக்குகளைச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கேம்ஸ், மற்றும் கேஃபின்டெக் என்னும் பதிவாளர் நிறுவனங்கள் பராமரிக்கின்றன.

இவை அனைத்தையும் ஒருவரது நிரந்தரக் கணக்கு எண்ணை, அதாவது பான் எண்ணை ஆதாரமாகக் கொண்டு ஒரே அறிக்கையாக்கி அனுப்பும் ஏற்பாடு 2015 முதல் நடைபெற்று வருகிறது. இதற்கு ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை என்று பெயர். கொடுக்கல் வாங்கல் நடந்த மாதத்திற்கு மாத அறிக்கையும், ஏதும் நடவாதபோது அரையாண்டுக்கு ஓர் அறிக்கையும் மின்னஞ்சலில் வரும். காப்பகங்கள் அனுப்பும் கோப்பைத் திறக்கப் பான் எண்ணே கடவுச்சொல். டீமேட் கணக்கு இல்லாமல் பரஸ்பர நிதி மட்டும் வைத்திருப்பவர்கள், இரு பதிவாளர்களும் சேர்ந்து 2021-இல் தொடங்கிய எம்.எஃப். சென்ட்ரல் தளத்தில் விவரம் பெறலாம்.

இவ்வறிக்கை கைக்கு வந்ததும் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, நாம் வாங்கியதாக நினைக்கும் ஒவ்வொன்றும் அதில் இருக்கிறதா? இரண்டாவது, எண்ணிக்கை தரகரின் செயலி காட்டும் எண்ணிக்கையுடன் ஒத்திருக்கிறதா? மூன்றாவது, நாம் செய்யாத விற்பனை ஏதேனும் பதிவாகியிருக்கிறதா? நான்காவது, வாரிசு நியமனம் குறிக்கப்பட்டிருக்கிறதா? இவற்றுள் ஒன்று பிசகினாலும் உடனே தரகருக்கும் காப்பகத்திற்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

வாரிசு நியமன விதிகளும் அண்மையில் விரிவடைந்துள்ளன. 2025 மார்ச் முதல் டீமேட் கணக்குக்கும் பரஸ்பர நிதிக்கும் பத்துப் பேர் வரை நியமிக்கலாம். 2025 நவம்பர் முதல் வங்கி வைப்புக்கு நால்வர் வரை நியமிக்கலாம்.

அறிக்கையில் வராதவை

வங்கி வைப்பும், அஞ்சலகச் சேமிப்பும், சங்கப் பங்கும், நகையும், நிலமும் மேற்கூறிய அறிக்கையில் வருவதில்லை. ஆகவே நமக்கென ஒரு கணக்குத்தாள் அவசியமாகிறது. கூகுள் ஷீட்ஸ் போன்ற இலவசக் கணக்குத்தாளே இதற்குப் போதுமானது. கைப்பேசி பழகாதவர்கள் நீளக் குறிப்பேட்டில் கோடு போட்டும் எழுதலாம். தாளில் ஏழு பத்திகள் இருக்கட்டும்: என்ன முதலீடு, யார் பெயரில், எந்த இடத்தில், தொடங்கிய நாள், போட்ட தொகை, இன்றைய மதிப்பு, வாரிசு. பங்கின் விலையைத் தாளே எடுத்துக்கொள்ளும் வசதி கூகுள் ஷீட்ஸில் உண்டு. பரஸ்பர நிதி அலகின் அன்றாட மதிப்பை அந்நிதிகளின் சங்கமாகிய ஆம்ஃபி தன் தளத்தில் வெளியிடுகிறது. நிலத்திற்குப் பட்டா, சிட்டா விவரத்தை வருவாய்த் துறையின் இணைய சேவையிலும், வில்லங்க விவரத்தைப் பதிவுத் துறைத் தளத்திலும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். நிலமும் நமது முதலீடே. அதன் பேரேட்டையும் ஆண்டுக்கொரு முறை ஒத்துப் பார்ப்பது நலம்.

‘எந்த இடத்தில்’ என்ற பத்தி மற்றொரு உண்மையையும் காட்டும். வங்கி வைப்புக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்ந்து 5 லட்ச ரூபாய் வரையே வைப்புக் காப்பீடு உண்டு. கூட்டுறவு வங்கிகளும் இதில் அடங்கும். ஆனால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இதில் அடங்கா. நம்முடைய சங்கம் என்ற பற்றினால் இவ்வுண்மையை மறைத்தல் முறையாகாது. சங்கத்தின் தணிக்கை அறிக்கையைப் பொதுக்குழுவில் கேட்டுப் படிப்பதே அங்கத்தினருக்குள்ள காப்பு.

மறந்துபோனவற்றைத் தேடவும் இணையத்தில் வழிகள் ஏற்பட்டுள்ளன. கேட்பாரற்ற வங்கி வைப்புகளைத் தேட ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் ‘உத்கம்’ என்னும் தளத்தைத் தொடங்கியது. மறந்த பரஸ்பர நிதிகளைத் தேடச் செபியின் ஏற்பாட்டில் ‘மித்ரா’ தளம் 2025-இல் வந்தது. காலஞ்சென்ற பெற்றோரின் பெயரிலும் தேடிப் பார்ப்பது நல்லது.

வளர்ச்சியை அளக்கும் விதம்

செயலிகள் காட்டும் சதவீதத்தைக் கண்டு மயங்கலாகாது. மாதத் தொடக்கத்தில் 5,000 ரூபாய் வீதம் ஓராண்டு கட்டினோம் என்று கொள்வோம். போட்டது 60,000, ஆண்டு முடிவில் மதிப்பு 63,000. லாபம் 5 சதவீதமே என்று தோன்றும். ஆனால் முதல் தவணை பன்னிரண்டு மாதமும், கடைசித் தவணை ஒரே மாதமும் வேலை செய்தன. சராசரி ஆறரை மாதம். ஆகவே ஆண்டு வீதம் சற்றேறக்குறைய 9 சதவீதம் ஆகிறது. இதற்கு மாறாக, ஒரு லட்சம் ஐந்தாண்டில் ஒன்றரை லட்சமானால் ஆண்டுக்கு 10 சதவீதம் என்பார் முகவர். கூட்டு வட்டி முறையில் அது எட்டரை சதவீதத்திற்கும் சற்றுக் குறைவே. கணக்குத்தாளில் எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். என்னும் வாய்பாட்டிற்கு நாளையும் தொகையையும் கொடுத்தால் சரியான ஆண்டு வீதத்தைக் கூறிவிடும். எல்லா முதலீட்டையும் இந்த ஒரே படியால் அளந்தால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும்.

அளப்பதற்கும் காலம் உண்டு. நட்ட மஞ்சளை நாள்தோறும் தோண்டிப் பார்ப்பவன் கிழங்கு எடுக்கமாட்டான். மாதத்திற்கொரு முறை பதிவும், ஆண்டுக்கொரு முறை பரிசீலனையும் போதும்.

சில எச்சரிக்கைகள்

கடவுச்சொல்லையும் கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணையும் முகவருக்கோ உறவினருக்கோ கொடுக்கலாகாது. இ-சேவை மையத்திலோ பிறர் கணினியிலோ அறிக்கையை அச்செடுத்தால், கோப்பை அழித்து, மின்னஞ்சலை மூடிவிட்டே எழுந்திருக்க வேண்டும். எல்லாக் கணக்குகளையும் ஒன்றாய்க் காட்டுவதாகக் கூறும் செயலிக்குச் சம்மதம் தருமுன், எந்த விவரத்தை எவ்வளவு காலத்திற்குக் கேட்கிறது என்று படித்தறிதல் வேண்டும். பணம் பறிபோனதாக அறிந்தால் சற்றும் தாமதியாமல் 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும்.

கணக்குத்தாள் ஒருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக இருத்தல் கூடாது. கணவன் மனைவி இருவரும் அதை அறிந்திருக்க வேண்டும். அதன் பிரதி ஒன்று பத்திரங்களுடன் இருக்க வேண்டும். ஆனால் கடவுச்சொற்களை அதில் எழுதுவது தவறு. தறியிலும் தோட்டத்திலும் உழைத்துச் சேர்த்த பணம் குடும்பத்தார் கைக்குச் சேர வேண்டுமானால், அது எங்கே இருக்கிறது என்பதை அவர்கள் அறிந்திருத்தல் முதற்கடமை.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க

1. உங்கள் குடும்பத்தின் முதலீடுகளில், பணம் வாங்கியவரைத் தவிர மூன்றாமவரின் பேரேட்டில் பதிவானவை எவை? பதிவாகாதவை எவை?

2. வாரிசு நியமனம் செய்யப்படாத கணக்குகள் எத்தனை?

3. சென்ற ஆண்டு கட்டிய தவணைகளின் ஆண்டு வீதத்தை மேற்கூறிய முறையில் கணக்கிட்டு, வங்கி வைப்பின் வட்டியோடு ஒப்பிடுக.