பெயருக்குள்ளே ஒரு தொழில், ஒரு ஊர்



1867ஆம் ஆண்டு லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலைப் பயிரை ஆரம்பித்தவர் ஜேம்ஸ் டெய்லர் துரை. "டெய்லர்" என்றால் என்ன? நம்ம தையல்காரர்தான்! இவர் துணி தைத்தவர் அல்ல. பெயர் மட்டும் பரம்பரையாக வந்தது.

ஒரு காலத்தில் இங்கிலாந்தின் சாதாரண சனங்களுக்கு ஒரே ஒரு பெயர்தான். 1066இல் நோர்மானியர் நாட்டைப் பிடித்த பிறகு, இரண்டாவது பெயர் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியது. ஒரே ஊரில் நாலு ஜோன் இருந்தால் எப்படிப் பிரித்துச் சொல்வது? நாலு வழி இருந்தது.

1. தொழில்: ஸ்மித் என்றால் கொல்லன். பேக்கர் என்றால் ரொட்டி சுடுபவர்.
2. தகப்பன் பெயர்: ஜோன்சன் என்றால் ஜோனின் மகன். ஸ்கொட்லாந்தில் "மெக்" என்றாலும் மகன்தான்.
3. இடம்: ஹில் என்றால் குன்று. வூட் என்றால் காடு.
4. தோற்றம்: ஷோர்ட் என்றால் குட்டை. பிரவுண் என்றால் மாநிறம்.

ஊர்ப் பெயர்களும் இப்படித்தான். "டன்" என்று முடியும் பெயர்களில் பல, வேலி அடைத்த பண்ணையைக் குறிக்கும். நோர்வூட் என்றால் வடக்குக் காடு. "ஸ்டெத்" என்பது ஸ்கொட்லாந்துச் சொல். ஆற்றோரத்து அகன்ற பள்ளத்தாக்கு. ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயர்தான் நம்ம ஸ்டெதஸ்பி தோட்டத்துக்கும் வந்தது.

வாயில் இருந்த பெயர் நிலைத்தது எப்படி? எழுத்தில் ஏறியதால். 1377 முதல் 1381 வரை அரசாங்கம் மூன்று முறை தலைவரி வாங்கியது. 1538இல் ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் எல்லாவற்றையும் தேவாலயங்கள் பதிய வேண்டும் என்று கட்டளை வந்தது. எழுதுகிறவர் காதில் விழுந்தபடி எழுதினார். அதனால்தான் தையல்காரருக்கு "ஐ" எழுத்தும், டெய்லர் என்ற பெயருக்குப் பெரும்பாலும் "வை" எழுத்தும் வருகின்றன.

இதில் நமக்கும் பாடம் உண்டு. பிள்ளையின் பிறப்பைப் பதியும்போது, "ஐயா, எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டுங்க" என்று தயங்காமல் கேளுங்கள். பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர் என்று இருந்தால், சேமலாப நிதி வாங்கப் போகும் நாளில் அலைச்சல்தான். ஒரு எழுத்துத்தானே என்று விட்டுவிடாதீர்கள்!

பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி: "குக்" என்ற பெயர் எந்தத் தொழிலிலிருந்து வந்தது?