கிடைநாய்க்கு ஏற்ற உணவு

இரவெல்லாம் ஆட்டுக்கிடையைச் சுற்றிவரும் நாய்க்கு நாம் இடுவது பெரும்பாலும் கூழும் மீந்த சோறுமே. வயிறு நிரம்பலாம், தசைக்கு வலுவேறாது. காவல் தளர்ந்து ஆடு பறிபோனபின் வருந்துவானேன்? அவித்த முட்டை, முள் நீக்கிய மீன், சிறிது ஈரல் ஆகியவற்றைக் கூழுடன் சேர்த்தளிப்போமாக. ஈரலை நன்கு வேகவைத்தே இடவேண்டும். பச்சையாக இட்டால் நாடாப்புழு நாய்க்குத் தொற்றி, அதன்வழி மனிதருக்கும் நோய் தரும்.

ஓடி உழைக்கும் உடலில் பிராணவாயுவினால் உயிரணுக்களுக்கு நேரும் தேய்வைத் தணிப்பது ‘இ’ வைட்டமின். காறிப்போன எண்ணெயும் கொழுப்பும் அதனை அழித்துவிடும். ‘சி’ வைட்டமினையோ நாய் தன் ஈரலிலேயே ஆக்கிக்கொள்கிறது; நலமுள்ள நாய்க்கு அதற்கென மாத்திரை வாங்குவது வீண்செலவு. பிற மாத்திரைகளைக் கால்நடை மருத்துவரைக் கேட்டே அளிக்கலாம். வெங்காயமும் பூண்டும் கலந்த குழம்புச் சோற்றை நாய் விரும்பித் தின்னும் என்பது உண்மையே. எனினும் அவை சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகை உண்டாக்குமாதலின், அதனை இடலாகாது.