டாக்டர் வீட்டில் டாக்டர் இல்லாத ராத்திரி!

"வீட்டுக்காரரே டாக்டர்! உனக்கென்னம்மா கவலை?" என்று சொல்லித்தான் அந்தப் பெண்ணை ஊரிலிருந்து அனுப்பி வைத்தார்கள். கணவருக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.எஸ். இடம். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. 'கடல் காத்து குழந்தைக்கு நல்லது' என்று மாமல்லபுரத்தில் வீடு பிடித்தார்கள். திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் செங்கல்பட்டு முப்பது கிலோமீட்டர்தானே!

மூன்றாவது வாரம், ராத்திரி இரண்டு மணி. குழந்தைக்குக் காய்ச்சல் கொதிக்கிறது. திடீரென்று கண் மேலே செருக, கைகால் வெட்டி இழுக்கிறது. கணவருக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. அவர் ஆபரேஷன் தியேட்டரில் நிற்கிறார். துணைக்கு வந்திருந்த மாமியார் சாவிக்கொத்தைக் குழந்தை கையில் திணிக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா ஆட்டோ பிடித்து வந்தார். நல்லவேளை, ஏறுவதற்குள் வலிப்பு நின்றுவிட்டது.

"நான் டாக்டர் பொண்டாட்டிதான். ஆனா அன்னிக்கு எங்க வீட்ல டாக்டர் இல்லியே" என்றார் அவர்.

யார் மேல் தப்பு? இரண்டு பேர் மேலும் இல்லை. வீடு பிடித்த விதத்தில்தான் கோளாறு. மேற்படிப்புக்குக் குடும்பத்தோடு கிளம்பும் டாக்டர்கள் தங்கள் சௌகரியத்துக்கோ, காற்று வெளிச்சத்துக்கோ வீடு பார்க்கிறார்கள். வீட்டில் இருக்கப்போவது அவர்களில்லையே! எம்.டி., எம்.எஸ். என்றால் மூன்று வருஷம். அதில் முதல் வருஷம்தான் ரொம்பக் கடுமை. காலையில் போனால் மறுநாள் சாயங்காலம் வருகிற டூட்டியும் உண்டு. எனவே, வீட்டில் தனியாக இருக்கப்போகிறவர் யாரோ, அவருக்காக வீடு பாருங்கள்.

ஆஸ்பத்திரிக்கு நடந்தோ ஆட்டோவிலோ பத்து நிமிஷத்தில் போகிற தூரம். கூப்பிட்டால் குரல் கேட்கும் அக்கம்பக்கம். தண்ணீர் எந்த நேரம் வரும், பிடித்துவைக்க வேண்டுமா என்று கேளுங்கள். பிடித்துவைக்கிற தொட்டியை மூடாவிட்டால், டெங்கு பரப்பும் கொசு அந்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். மனைவியோ கணவரோ வேலைக்குப் போகிறவர் என்றால் ரயில் நிலையத்துக்குப் பக்கம் பாருங்கள். சென்னைக்கு மின்சார ரயில் இருக்கிறது. மகேந்திரா சிட்டி என்றால் அடுத்த ஸ்டேஷன் பரனூரிலேயே இறங்கிக்கொள்ளலாம்.

எல்லோரும் ஒன்றாக மூட்டை கட்ட வேண்டும் என்பதும் இல்லை. டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூருக்குத் தனியாகத்தான் வந்தார். மனைவி மார்கரெட்டும் டாக்டர். இரண்டு சின்னக் குழந்தைகளோடு அவர் வந்து சேர்ந்தது 1947-ல். (அதே 1947-ல் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோதுதான், மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் எண்ணமே பிராண்டுக்கு வந்தது.) நீங்களும் ஒரு மாதம் முன்னால் போய், டூட்டி முறை பிடிபட்ட பிறகு குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம்.

விதிகளையும் வீட்டில் உள்ளவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. 2023-ம் வருஷத்து முதுநிலை மருத்துவக் கல்வி விதிகளின்படி தங்கும் இடம் தர வேண்டியது கல்லூரியின் கடமை. ஆனால் மாணவர் ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வருஷத்துக்குக் குறைந்தது 20 நாள் சம்பளத்தோடு தற்செயல் விடுப்பு. வேலை நெருக்கடி இல்லாவிட்டால் வாரம் ஒரு நாள் ஓய்வு. இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை. படிப்பின் நடுவே மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைப் பணி உண்டு. அது வேறு ஊராகவும் இருக்கலாம். அந்த மூன்று மாதத்துக்கு அம்மாவா, மாமியாரா, யார் துணைக்கு வருவார் என்று முதல் வருஷமே பேசிவையுங்கள்.

சரி, அந்த ராத்திரிக்கு வருவோம். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை சில குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரும். பார்க்கவே பதறும். பெரும்பாலும் சில நிமிஷத்தில் தானாக நின்றுவிடும். குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள். வாயில் விரலோ ஸ்பூனோ தண்ணீரோ மருந்தோ, எதுவும் கூடாது. அமுக்கிப் பிடிக்காதீர்கள். சாவி, இரும்பால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினாலோ, மூச்சுத் திணறினாலோ, நின்று மறுபடி வந்தாலோ உடனே 108. முதல் தடவை வந்த வலிப்பென்றால், நின்றுவிட்டாலும் அப்போதே ஆஸ்பத்திரியில் காட்டியே ஆக வேண்டும்.

டூட்டிக்குக் கிளம்பும் டாக்டர் அப்பாவோ அம்மாவோ செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. ஒரு தாளில் குழந்தையின் எடை, காய்ச்சல் மருந்து எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒரு தடவை என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போங்கள். பாராசிட்டமால் சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டு விதம் இருக்கிறது. பாட்டில் மாறினால் அளவு இரட்டிப்பாகிவிடும். எந்த பாட்டில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கூடவே, போனை எடுக்க முடியாத நேரத்தில் வார்டில் யாரிடம் சொன்னால் தகவல் போய்ச் சேரும் என்ற நம்பரும் வேண்டும்.

தடுப்பூசி அட்டையை லாரியில் ஏற்றாமல் கைப்பையில் வையுங்கள். ஊர் மாறினாலும் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மிச்ச ஊசிகளை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். சான்றிதழ்களின் அசல் கல்லூரியிலேயே இருந்துவிடும். போவதற்கு முன் நாலு செட் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பதி அடுத்த மாதமே செங்கல்பட்டுக்குக் குடிவந்துவிட்டார்கள். சின்ன வீடு. காற்று சுமார்தான். ஆனால் ஆஸ்பத்திரி பக்கம், எதிர்வீட்டில் ஒரு நர்ஸம்மா. மாமல்லபுரம் கடலுக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறார்கள், அவருக்கு டூட்டி இல்லாத ஞாயிறாக இருந்தால்!