உதங்கர் மறுத்த தண்ணீர்

இந்த மாதப் பாடம், மகாபாரதத்தின் அசுவமேத பர்வத்தில் வரும் உதங்க முனிவரின் கதை.

பாரதப் போர் முடிந்து துவாரகைக்குத் திரும்பும் கண்ணன், வழியில் பாலை நிலத்தில் உதங்கரைச் சந்திக்கிறார். விசுவரூபம் காட்டி, என்ன வரம் வேண்டும் என்று கேட்கிறார். வேண்டும்போது தண்ணீர் கிடைத்தால் போதும் என்கிறார் முனிவர். அப்போது தம்மை நினைக்கும்படி கண்ணன் சொல்கிறார்.

கடவுளைக் கண்டவர் வெறும் தண்ணீரையா கேட்பார்னு நமக்குத் தோணலாம். பாலைவனத்தில் நடைப்பயணம் போனவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. கடும் வெயிலில் நடந்தால் மணிக்கு அரை முதல் ஒரு லிட்டர் தண்ணீர் தேவை. ஒரு நாளுக்கானதைச் சுமப்பதே பெரிய பாரம். தீர்ந்துவிட்டால்?

பச்சை மரம் தெரிந்தால் பக்கத்தில் தண்ணீர் இருக்கும்னு நினைப்போம். தார் பாலைவனத்தில் அதை நம்ப முடியாது. அங்கே பரவலாக வளர்வது, விஜயதசமியில் நாம் வணங்கும் அதே வன்னி மரம். அதன் வேர் பல மீட்டர் ஆழம் போகும். கையால் தோண்டி எட்ட முடியாது. தோண்டும்போது வியர்வையாகப் போகும் நீர்தான் மிச்சம்.

ஆனாலும் தாரில் மக்கள் வாழ்கிறார்கள். ஜெய்சல்மேர் பகுதியில் ஆண்டு மழை சுமார் 200 மில்லிமீட்டர்தான். கோலாலம்பூரில் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் பெய்கிறது. அங்கே நிலத்தடி நீரும் பல இடங்களில் உப்பு. ஆனால் சில இடங்களில் மணலுக்கு அடியில் ஜிப்சம் படிவம் இருக்கிறது. மழைநீர் உப்பு நீரோடு கலக்காமல் அது தடுத்துவிடும். ஊர் மக்கள் அங்கே 'குயி' என்னும் குறுகிய கிணறு தோண்டி, சொட்டுச் சொட்டாக ஊறும் நல்ல நீரை எடுக்கிறார்கள். வெளியூர்க்காரருக்கு எல்லாம் ஒரே மணல்தான். இடம் தெரிந்தவர்கள் தலைமுறையாகத் தோண்டியவர்களும் ஆடு மேய்ப்பவர்களும். அவர்களிடம் கேட்பதே பயணிக்குப் பாதுகாப்பான வழி.

இப்போ கதைக்கு வருவோம். ஒருநாள் தாகம் தாங்காமல் உதங்கர் கண்ணனை நினைத்தார். அழுக்கு உடம்போடு, நாய்கள் சூழ ஒரு வேடன் வந்து தண்ணீர் தந்தான். சண்டாளன் என்று அருவருத்து முனிவர் வாங்க மறுத்தார். பலமுறை கொடுத்தும் மறுக்கவே, வேடன் மறைந்தான். பிறகு கண்ணன் வந்து சொன்னார்: வேடனாக வந்தவன் இந்திரன், கொண்டுவந்தது அமிர்தம்.

வரம் பொய்க்கவில்லை. தண்ணீர் வந்தது. கொடுத்த கையைப் பார்த்துத்தான் முனிவர் அதை இழந்தார். விசுவரூபத்தில் எல்லாவற்றையும் கண்டவருக்கே, எதிரே நின்ற மனிதனிடம் இறைவனைக் காண முடியவில்லை. எனக்கு இந்தக் கதையில் ரொம்ப உறுத்துவது இதுதான். பாலைவனத்தில் தண்ணீர் அரிது. அதைத் தருகிற கையைத் தரம் பிரித்தால், இருக்கிறதும் இல்லாமல் போகும்.

கலந்துரையாடுவோம்:
1. நம் வீட்டில் வேலை செய்பவருக்குத் தனி டம்ளர் இருக்கிறதா? ஏன்?
2. யார் சொன்னார் என்பதற்காகவே நாம் கேட்காமல் விட்ட நல்ல சொல் எது?